கிம்ப்: ஒரு மாணவர் நிரலாக்கத் திட்டத்தின் வரலாறு

கிம்ப் என்பது ஒளிப்படங்களைத் திருத்தவும் படம் வரையவும் பயன்படும் கட்டற்ற மென்பொருளாகும். லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் இது இயங்குகிறது. அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரண்டு மாணவர்கள், 1995ஆம் ஆண்டு ஒரு பருவத்திற்கான செய்முறைத் திட்டமாக இதைத் தொடங்கினர். இருவரும் அறைத் தோழர்கள். அப்போது அவர்களுக்கு நிறுவனமும் இல்லை, முதலீடும் இல்லை.

மாணவர்கள் எழுதும் மென்பொருள்களில் மிகப் பெரும்பாலானவை மதிப்பெண் கிடைத்த நாளோடு முடிந்துவிடும். செய்து காட்டும் நாளில் ஓடினால் போதும் என்பதே அவற்றின் இலக்கு. கிம்ப் அப்படி முடியவில்லை. எழுதியவர்கள் பட்டம் பெற்று வெளியேறிய பின்னும், முன்பின் அறியாத பலர் அதை எடுத்து வளர்த்தனர். ஏன் அப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த இருவரும் தொடக்கத்தில் எடுத்த முடிவுகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் சில மிகச் சிறந்தவை. ஒன்று பெரிய தவறு. அந்தத் தவறைத் திருத்தப் போய்த்தான், கிம்பைவிடவும் பரவலாகப் பயன்படும் இன்னொரு படைப்பு பிறந்தது.

பின்னணி

1990களின் நடுவில் படம் திருத்தும் வேலை என்றாலே ஃபோட்டோஷாப்தான். அதுவும் ஒரு மாணவரின் கைவேலையாகத் தொடங்கியதே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக 1987இல் ஒரு சிறு நிரலை எழுதினார். திரைப்படக் காட்சி விளைவுத் துறையில் இருந்த அவருடைய சகோதரர் ஜான் நோல், இதை ஒரு முழு மென்பொருளாக ஆக்கலாம் என்று தூண்டினார். அடோபி நிறுவனம் அதன் உரிமத்தைப் பெற்று 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. முதலில் மேக் கணினிக்கும், பின்னர் விண்டோஸுக்கும் அது கிடைத்தது.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு அப்படியொரு கருவி இல்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் 1995இல் பல்கலைக்கழகங்களில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. நிரல் எழுதவும் வலையமைப்பு நடத்தவும் அது நன்றாக உதவியது. ஆனால் ஒரு படத்தைத் திறந்து, ஒரு மூலையை வெட்டி, நிறத்தைச் சற்று மாற்ற வேண்டுமென்றால் தட்டுத்தடுமாற வேண்டியிருந்தது.

பெர்க்லியில் மாணவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பரிசோதனைக் கணிப்பு மையம் என்று பொருள்படும் பெயரில், எக்ஸ்சிஎஃப் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு மாணவர் அமைப்பு அங்கே 1986 முதல் இயங்கிவந்தது. பாடத்திட்டத்திற்கு வெளியே எதையாவது செய்து பார்க்க விரும்பும் இளநிலை மாணவர்கள் கூடுமிடம் அது. தொடக்ககால வரைகலை இணைய உலாவிகளில் ஒன்றான வயோலாவும் இந்த அமைப்பைச் சேர்ந்த பெய் யுவான் வெய் என்ற மாணவரின் படைப்பே. கிம்பலும் மாட்டிசும் இந்த அமைப்பின் உறுப்பினர்கள்.

பாதியில் முறிந்த பாடத் திட்டம்

கிம்பின் தொடக்கத்தைப் பற்றி அவ்விருவரும் பின்னாளில் எழுதிவைத்த குறிப்பு சுவையானது. நிரல்தொகுப்பி எழுதும் பாடத்திற்காக அவர்கள் லிஸ்ப் மொழியில் ஒரு திட்டத்தைச் செய்துகொண்டிருந்தனர். பல நாள் தூக்கமில்லை. அதிகாலை வேளையில், ஓர் எளிய இலக்கணத்திற்கான பாகுபடுத்தியை உருவாக்க லிஸ்ப் 17 மெகாபைட் நினைவகம் கேட்டது. அது கிடைக்காததால் நிரல் சுருண்டு விழுந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அத்தோடு அந்தத் திட்டம் போயிற்று. இனி உருப்படியாக எதையாவது எழுதுவோம், அதையும் சி மொழியில் எழுதுவோம் என்று முடிவு செய்தனர்.

இக்கதையில் கொஞ்சம் நகைச்சுவைக்கான மிகை இருக்கலாம். ஆனாலும் அதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தங்களுக்குப் பயன்படக்கூடிய, மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற விருப்பம் முதலில் வந்தது. எதைச் செய்வது என்பது பிறகுதான் வந்தது. நம் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் தலைப்பு முதலில் முடிவாகிறது. அது யாருக்குப் பயன்படும் என்ற கேள்வி கடைசிவரை எழுவதே இல்லை.

இரண்டு கேள்விகள்

1995 ஜூலை 29 அன்று பீட்டர் மாட்டிஸ், லினக்ஸ் செயலி உருவாக்குவோர் கூடும் யூஸ்நெட் குழுவொன்றில் ஒரு சிறு செய்தியை வெளியிட்டார். ஃபோட்டோஷாப் போன்ற ஒரு வரைகலை மென்பொருளை யாராவது எழுத முடிவு செய்தால் என்று தொடங்கி, இரண்டே கேள்விகளைக் கேட்டிருந்தார். அதில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும்? எந்தெந்தக் கோப்பு வடிவங்களை அது திறக்க வேண்டும்?

ஒரு மேசைத்தளச் செயலியைத் திட்டமிட இதைவிடச் சிறந்த தொடக்கம் இருக்க முடியாது என்றே சொல்லலாம். முதல் கேள்வி கருவிகளின் பட்டியலைத் தருகிறது. தெரிவுக் கருவிகள், தூரிகைகள், வடிகட்டிகள் என்று அது விரிந்துகொண்டே போகும். இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது. பயனர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள கோப்பைத் திறக்க முடியாவிட்டால், மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை மூடிவிட்டுப் போய்விடுவார். புதிதாக நிரல் எழுதுவோர் பொத்தான்களையும் பட்டிகளையும் வரைவதில் ஆர்வம் காட்டுவார்கள். கோப்பைத் திறப்பது, சேமிப்பது என்னும் சலிப்பூட்டும் வேலையைத் தள்ளிப் போடுவார்கள். மாட்டிஸ் அதை முதல் நாளிலேயே கேட்டுவிட்டார்.

அதே செய்தியில் தாம் எழுதப்போவதாக அவர் எந்த உறுதியும் அளிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்வத்தால் கேட்பதாக மட்டும் சொன்னார். வெறும் அறிவிப்புகள் மலிந்த இடம் அது. பலர் பெரிய திட்டங்களை அறிவித்துவிட்டுக் காணாமற்போவது அன்றும் வழக்கந்தான்.

மென்பொருளுக்குப் பெயர் வைக்கவும் சிறிது நேரம் பிடித்தது. படத்தைக் கையாளும் நிரல் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் இம்ப் என்று வந்தது. அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எக்ஸ் சாளர அமைப்பில் இயங்கும் நிரல்களுக்கு எக்ஸ் என்ற எழுத்தை முன்னால் சேர்ப்பது அக்கால வழக்கமாதலால் அதையும் யோசித்துப் பார்த்தனர். அப்போது பல்ப் ஃபிக்‌ஷன் என்ற திரைப்படம் பரபரப்பாகப் பேசப்பட்டது. அதில் வரும் ஒரு சொல் மனத்தில் தோன்ற, கிம்ப் என்ற பெயர் வந்தது. முன்னால் சேர்ந்த எழுத்துக்குப் பொதுவான என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பெயர் ஆங்கிலத்தில் உடற்குறை உள்ளோரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லும் ஆகும். இதனால் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மென்பொருளை அறிமுகப்படுத்தச் சங்கடமாக இருக்கிறது என்று பின்னாளில் பலர் முறையிட்டனர். 2019இல் பெயரை மாற்றுவதற்காகவே கிளிம்ப்ஸ் என்ற கிளைத் திட்டம் ஒன்று தோன்றி, இரண்டு ஆண்டுகளில் ஓய்ந்தது. அறைக்குள் சிரித்துக்கொண்டே வைத்த பெயர், மூல ஆசிரியர்கள் போன பின்னும் மற்றவர்களின் தலைவலியாக நீடித்தது.

முதல் வெளியீடு

கேள்வி கேட்ட நாளிலிருந்து 115 நாள்கள் கழித்து, 1995 நவம்பர் 21 அன்று, கிம்பலும் மாட்டிசும் சோதனைப் பதிப்பை அறிவித்தனர். ஜிஃப், ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், எக்ஸ்பிஎம் ஆகிய ஐந்து கோப்பு வடிவங்களை அது கையாண்டது. செவ்வகம், நீள்வட்டம், கையால் வரையும் தெரிவு, ஒத்த நிறத் தெரிவு, பெசியர் வளைவு எனப் பலவகைத் தெரிவுக் கருவிகள் இருந்தன. சுழற்றலாம், சாய்க்கலாம், புரட்டலாம். தூரிகையும் வண்ணத்தூவியும் படிவெடுக்கும் கருவியும் இருந்தன. செய்ததைப் பலமுறை பின்னோக்கி மீட்கவும் முடிந்தது. 256 நிறங்களை மட்டுமே காட்டக்கூடிய திரைகளிலும் படம் ஓரளவு நன்றாகத் தெரியும்படி புள்ளிகளைக் கலந்து காட்டும் ஏற்பாடும் அதில் அடங்கும். அன்றைய மாணவர்களின் மேசைகளில் இருந்த திரைகளில் பல அத்தகையவை. லினக்ஸில் மட்டுமன்றி சோலாரிஸ், எச்பி யூஎக்ஸ், ஐரிக்ஸ் ஆகிய யுனிக்ஸ் வகைகளிலும் சோதித்துப் பார்த்திருந்தனர்.

இத்தனைக்கும் மேலாக, அந்த வெளியீட்டில் இருந்த ஓர் ஏற்பாடுதான் கிம்பின் ஆயுளைத் தீர்மானித்தது. அது செருகுநிரல் முறை.

படத் திருத்தியின் வசதிகளுக்கு முடிவே இல்லை. இரண்டு பேர் எத்தனை வடிகட்டிகளை எழுத முடியும்? எனவே எல்லாவற்றையும் தாமே எழுதாமல், பிறர் எழுதிச் சேர்ப்பதற்கான வாசலை அவர்கள் அமைத்தனர். கிம்பின் செருகுநிரல் ஒவ்வொன்றும் தனி நிரலாக, தனிச் செயலாக இயங்கும். முதன்மை நிரலோடு அது வரையறுக்கப்பட்ட செய்திகளின் மூலம் மட்டுமே பேசும். படத்தின் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி, கணக்கிட்டு, திருப்பித் தரும். செருகுநிரலில் பிழை இருந்து அது நின்றுபோனாலும் முதன்மை நிரல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். பயனரின் பல மணிநேர உழைப்பு வீணாகாது.

இதன் சமூக விளைவு இன்னும் பெரிது. கிம்பின் உள்கட்டமைப்பு முழுவதையும் படித்துப் புரிந்துகொண்டு மாற்றம் செய்ய யாருக்கும் நேரமில்லை. ஆனால் மங்கலாக்கும் வடிகட்டி ஒன்றை எழுத ஒரு வார இறுதி போதும். அப்படி எழுதியதை அனுப்பினால் அது அடுத்த பதிப்பில் இடம்பெறலாம். இவ்வாறு சிறு வேலைகளின் வழியாக உள்ளே வந்தவர்களே பின்னர் பெரிய வேலைகளுக்குத் தயாரானார்கள். மூல நிரலைக் குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டதும் இதற்குத் துணைசெய்தது. உரிமம் மட்டும் இருந்து, நுழையும் வழி கடினமாக இருந்திருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது ஐயமே.

1996 தொடக்கத்தில் 0.54 பதிப்பு பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் இன்றைய பயனர் எதிர்பார்க்கும் அடுக்குகள் கிடையாது. அடிக்கடி நின்றுபோகும். அதைக்கொண்டுதான் லாரி யூயிங் 1996இல் லினக்ஸின் சின்னமான டக்ஸ் என்னும் பென்குவின் படத்தை வரைந்தார். உலகம் முழுவதும் பரிச்சயமான அந்தக் குண்டுப் பறவை, ஒரு மாணவர் திட்டத்தின் முற்றுப்பெறாத பதிப்பில் பிறந்தது.

மோட்டிஃப் சிக்கல்

இனி அந்தத் தவற்றைப் பார்ப்போம். வரைகலைச் செயலி ஒன்றில் பொத்தான், பட்டி, உருளிப்பட்டை, உரையாடல் பெட்டி ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. அவற்றை ஆயத்தமாக வைத்திருக்கும் நிரலகம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். இதனை இடைமுகக் கருவித்தொகுதி என்பர். யுனிக்ஸ் உலகில் அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது மோட்டிஃப். பல்கலைக்கழக ஆய்வகங்களிலிருந்த வணிக யுனிக்ஸ் கணினிகளில் அது இருப்பது இயல்பு. எனவே கிம்பலும் மாட்டிசும் அதையே எடுத்துக்கொண்டனர். வரைகலை இடைமுகம் பற்றி அதிகம் யோசிக்காமல் படம் திருத்தும் வேலையில் இறங்க அது உதவியது.

ஆனால் மோட்டிஃப் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். தம் வீட்டில் லினக்ஸ் நிறுவியிருந்த மாணவரிடம் அது இருக்காது. கிம்பின் மூல நிரல் இலவசமாகக் கிடைத்தாலும், மோட்டிஃப் இல்லாதவரால் அதைத் தொகுத்து இயக்க முடியவில்லை. மோட்டிஃபின் தேவையான பகுதிகளை உள்ளேயே சேர்த்துக் கட்டிய ஆயத்த இருமக் கோப்பை வாங்கிப் பயன்படுத்தலாம். ஆனால் மூல நிரலில் ஒரு வரியை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் வழியில்லை. கிம்பின் உயிர்நாடியே பிறர் பங்களிப்புதான் எனும்போது, பங்களிக்க விரும்புவோரில் பெரும்பகுதியினர் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். நிரல் கட்டற்றது, ஆனால் அது நின்ற தரை வேறொருவருக்குச் சொந்தம்.

மாட்டிசுக்கு மோட்டிஃப் மீது வேறு வகையிலும் சலிப்பு இருந்தது. அதனோடு மல்லுக்கட்டி வெறுத்துப்போன அவர், சொந்தமாகவே ஒரு கருவித்தொகுதியை எழுதத் தொடங்கினார். கிம்புக்கான கருவித்தொகுதி என்னும் பொருளில் அதற்கு ஜிடிகே என்று பெயர் வந்தது. எக்ஸ் சாளர அமைப்போடு நேரடியாகப் பேசும் பகுதியைப் பிரித்து ஜிடிகே என்ற பெயரை ஒத்த ஜிடிகே அடித்தளமாக, ஜிடிகேவிலிருந்து வேறுபடுத்த ஜிடிகே எனும் எழுத்துகளில் நடு எழுத்தை மாற்றி, தனி அடுக்காக அமைத்தார். 1996இல் வந்த 0.60 வரிசைப் பதிப்புகளில் மோட்டிஃப் முற்றிலும் நீக்கப்பட்டு இப்புதிய தொகுதி இடம்பெற்றது.

ஒரு பருவத் திட்டத்தின் இடையில் கருவித்தொகுதி ஒன்றையே எழுத உட்காருவது, எந்த ஆசிரியரும் பரிந்துரைக்காத செயல். திட்ட மேலாண்மைப் பாடநூல்களின்படி பார்த்தால் இது எல்லை மீறல். பயனர் கேட்ட வசதி எதுவும் இதனால் கூடவில்லை; மாதக்கணக்கில் உழைப்பு மட்டும் கரைந்தது. எனினும் அந்த உழைப்பு இல்லாமற்போயிருந்தால் கிம்ப் மோட்டிஃப் வைத்திருந்தவர்களின் விளையாட்டுப் பொருளாகவே நின்றிருக்கும். முதலிலேயே சார்புகளைச் சரியாகத் தேர்ந்திருந்தால் இந்த வேலை மிச்சமாகியிருக்குமே என்று கேட்கலாம். 1995இல் தேர்ந்தெடுக்கத் தகுந்த மாற்று அதிகம் இல்லை என்பதே விடை.

இதே காலத்தில் ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் இதே பள்ளத்தில் காலை வைத்தார். ஆவணங்களை எழுதுவதற்கான லிக்ஸ் என்னும் வரைகலைச் செயலியை 1995இல் அவர் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற கருவித்தொகுதி காசில்லாமல் கிடைத்தது, ஆனால் அதன் மூல நிரல் மூடியே இருந்தது. அதன் குறைகளைப் பயனர்களால் திருத்த இயலவில்லை. லிக்ஸும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அதிலிருந்து மீண்டது.

அடுக்குகளும் ஓடுகளும்

1997 பிப்ரவரியில் 0.99 பதிப்பு வந்தது. இதற்குள் கிம்பின் உள்ளமைப்பு பெரிதும் மாற்றி எழுதப்பட்டிருந்தது. அடுக்குகள் வந்தன. செருகுநிரல்கள் மட்டுமல்லாது சிறு குறிநிரல்களும் கிம்பின் எந்தச் செயலையும் பெயர் சொல்லி அழைக்கும்படி ஒரு செயல்முறைத் தரவுத்தளம் அமைக்கப்பட்டது. ஸ்கிரிப்ட் ஃபூ என்னும் குறிநிரல் வசதியும் சேர்ந்தது. அது ஸ்கீம் மொழியைச் சார்ந்தது. ஸ்கீம் என்பது லிஸ்பின் ஒரு கிளை என்பதை எண்ணும்போது சிரிப்பு வருகிறது. லிஸ்பை வெறுத்து ஓடிவந்தவர்களின் மென்பொருளுக்குள் அது பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது.

இவற்றுள் நினைவகத்தைக் கையாளும் முறை தனியாகக் குறிப்பிடத்தக்கது. ஏ4 தாளளவில், ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 2480, உயரம் 3508. மொத்தம் ஏறத்தாழ 87 இலட்சம் படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள். ஆக 26 மெகாபைட். இரண்டு அடுக்குகள் சேர்ந்தால் அது இரட்டிப்பாகும். பின்னோக்கி மீட்பதற்கான படிகளும் வேண்டும். 17 மெகாபைட் கேட்டு ஒரு நிரல் விழுந்துபோன காலத்தில் இது எப்படிச் சாத்தியம்?

படம் முழுவதையும் ஒரே துண்டாக நினைவகத்தில் வைக்காமல், 64க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளாகப் பிரித்தார்கள். எந்த ஓட்டில் வேலை நடக்கிறதோ அது மட்டும் நினைவகத்தில் இருந்தால் போதும். மற்றவை வன்தட்டில் காத்திருக்கும். மாற்றப்படாத ஓடுகளை இரண்டு படிகள் பகிர்ந்துகொள்ளவும் முடியும். இதனால் சிறிய கணினியிலும் பெரிய படத்தைத் திறக்க முடிந்தது. வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

பட்டம் பெற்ற பின்

1997இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் பெர்க்லிக்கு வந்தபோது, கிம்பின் பெயரிலுள்ள பொதுவான என்ற சொல்லைக் குனு என்று மாற்றலாமா என அவ்விருவரும் கேட்டனர். அவர் இசைந்தார். கிம்ப் குனு திட்டத்தின் பகுதியானது. அதே ஆண்டில் இருவரும் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றனர். 1.0 பதிப்பு இன்னும் வெளிவரவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் மாணவர் திட்டங்கள் சாகின்றன. வேலையில் சேர்ந்தவருக்கு மாலையில் நேரம் கிடைப்பதில்லை. சிறிது காலம் எல்லோரும் காத்திருப்பார்கள், பிறகு கலைந்துவிடுவார்கள். கிம்பிலும் ஒரு தேக்கம் வந்தது. அடுத்த பதிப்பை வெளியிடும் பொறுப்பு யாருடையது என்பதில் தெளிவில்லை. முறையான கைமாற்றம் எதையும் நிறுவனர்கள் திட்டமிட்டு வைக்கவில்லை. ஆனால் அஞ்சல் குழுக்களில் ஏற்கெனவே செருகுநிரல் எழுதிப் பழகிய பலர் இருந்தனர். மெக்சிகோவைச் சேர்ந்த ஃபெடரிகோ மேனா கின்டேரோ சிறிது காலம் பொறுப்பேற்றார். பின்னர் மணீஷ் சிங் வெளியீடுகளைக் கவனித்தார். 1998 ஜூனில் 1.0 பதிப்பு வந்தது. 2004 மார்ச்சில் 2.0 வெளியானபோது முன்னின்றவர்கள் ஸ்வென் நாய்மன், மிகைல் நாட்டரர் முதலியோர். இவர்களில் ஒருவரும் பெர்க்லி அறைக்குள் இருந்தவர் அல்லர்.

கிம்பலும் மாட்டிசும் பின்னர் கூகுளில் பணியாற்றினர். 2015இல் பென் டார்னெலுடன் சேர்ந்து காக்ரோச் லேப்ஸ் என்ற தரவுத்தள நிறுவனத்தைத் தொடங்கினர். திறந்த மூல நிரலாக வெளிவந்த அவர்களுடைய தரவுத்தளம் 2019இல் கட்டுப்பாடுள்ள உரிமத்திற்கு மாறியது. பெரிய நிறுவனங்கள் அதை எடுத்துச் சேவையாக விற்றுவிடும் என்ற அச்சமே காரணம். மாணவப் பருவத்தில் இல்லாத கவலை அது.

ஜிடிகேயின் தனிப் பயணம்

எட்ரிச் 1996 அக்டோபர் 14 அன்று, லினக்ஸில் எந்தச் செயலியும் மற்றொன்றைப் போல் தோன்றுவதில்லை என்று குறைகூறி, ஒருமித்த மேசைத்தளச் சூழல் ஒன்றை உருவாக்க அழைப்பு விடுத்தார். அதுவே கேடிஈ. அதற்கு அவர் தேர்ந்தது நார்வே நாட்டு டிரோல்டெக் நிறுவனத்தின் கியூட் என்னும் கருவித்தொகுதி. தரமானது, ஆனால் அதை மாற்றியமைத்துப் பகிர அன்றைய உரிமம் இடந்தரவில்லை. எனவே முழுக்கக் கட்டற்ற மாற்று வேண்டும் என்று மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தை அறிவித்தனர். அவர்கள் கையில் ஆயத்தமாக இருந்தது ஜிடிகே. படத் திருத்தி ஒன்றின் பொத்தான்களுக்காக எழுதப்பட்ட நிரலகம், ஒரு முழு மேசைத்தளத்தின் அடிப்படையாக மாறியது. 2000 செப்டம்பரில் கியூட்டும் குனு பொது உரிமத்தில் வந்தது. போட்டி இல்லாதிருந்தால் அது அவ்வளவு விரைவில் நடந்திருக்காது.

தமிழுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 2002 மார்ச்சில் வந்த ஜிடிகே 2.0, எழுத்துகளைத் திரையில் அடுக்குவதற்குப் பாங்கோ என்ற நிரலகத்தைப் பயன்படுத்தியது. தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு இடப்புறம் நின்றாலும், ஒருங்குறியில் ககரமே முதலில் சேமிக்கப்படும். 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்கும். எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போகும் பழைய முறையில் இது சிதைந்துபோகும். பாங்கோ இந்த வரிசை மாற்றத்தைச் செய்தது. கிம்ப் 2.0 தன் எழுத்துக் கருவியைப் பாங்கோவின் மேல் புதிதாக எழுதியதால், படத்தின் மீது தமிழை நேராக எழுதும் வழி திறந்தது. சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கப் பதிப்புகளும் க்னோம் மேசைத்தளத்தையே கொண்டிருந்தன.

பிற்காலம்

எல்லாம் நன்றாகவே நடந்துவிடவில்லை. ஒரு நிறத்திற்கு ஒரு பைட் என்ற தொடக்க முடிவு கிம்பை நெடுங்காலம் பிடித்து வைத்திருந்தது. 256 படிநிலைகள் திரைப்படத் துறைக்குப் போதவில்லை. 1998 வாக்கில் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற திரைப்பட விளைவு நிறுவனத்தின் துணையோடு 16 பிட் ஆழத்திற்கான கிளை ஒன்று எழுதப்பட்டது. அது முதன்மைக் கிம்புடன் இணையாமல் தனி வழியே போய்ச் சினிபெயின்ட் ஆனது. அடித்தளத்தையே மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் ஜெக்ல் என்ற படக்கணிப்பு நிரலகம் 2000 அளவில் முன்மொழியப்பட்டது. அது முழுமையாகக் கிம்புக்குள் வந்து, உயர் நிற ஆழம் பயனருக்குக் கிடைத்தது 2018 ஏப்ரலில் வெளியான 2.10 பதிப்பில்தான். இரண்டு மாணவர்கள் 1995இல் ஒரு மாறிக்கு எத்தனை பிட் என்று எடுத்த முடிவை மாற்ற, தன்னார்வலர்களுக்கு ஏறத்தாழ 18 ஆண்டுகள் பிடித்தன.

ஜிடிகே தன் போக்கில் முன்னேறியது. அதன் மூன்றாம் பதிப்பு 2011இலும் நான்காம் பதிப்பு 2020 டிசம்பரிலும் வந்தன. கிம்போ இரண்டாம் பதிப்பிலேயே தங்கிவிட்டது. ஜிடிகே 3க்கு மாறிய கிம்ப் 3.0, 2025 மார்ச் 16 அன்று வெளியானது. தனக்காகப் பிறந்த கருவித்தொகுதியை எட்டிப் பிடிக்க அது 14 ஆண்டுகள் ஓடியிருக்கிறது. அடுக்கின் மூலத்தைச் சிதைக்காமல் விளைவுகளைச் சேர்க்கும் வசதியும் இப்பதிப்பில் வந்துள்ளது.

கிம்பில் ஒரு படத்தை அடுக்குகளோடு சேமிக்கும்போது, கோப்பின் பெயருக்குப் பின்னால் இன்றும் எக்ஸ்சிஎஃப் என்ற மூன்று எழுத்துகள் வந்து நிற்கின்றன. பெர்க்லியில் அவ்விருவரும் உறுப்பினராயிருந்த அந்த மாணவர் அமைப்பின் பெயர் அது.